சமையலறையா, சோதனைப் பெட்டியா, பெல் வில்லேஜ் பயணமா? பிள்ளைக்குப் பொருளறிவியல் காட்ட எது ஏற்றது

நவம்பர் பிறந்து பள்ளி மூடும் நேரத்தில் மொரீஷியஸில் பல பெற்றோர் ஒரே குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சோப்பு ஏன் நுரைக்கிறது, ஆணி ஏன் துருப்பிடிக்கிறது என்று பிள்ளை கேட்கத் தொடங்கிவிட்டது. கடையில் வண்ணப்படம் போட்ட அறிவியல் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாட்டியோ "வீட்டில் இல்லாததா?" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் பெல் வில்லேஜிலுள்ள ராஜீவ் காந்தி அறிவியல் மையத்துக்குப் போய்வந்து கதை சொல்கிறான். கையில் இருக்கும் பணத்தையும் விடுமுறையையும் எதில் போடுவது?

எட்டு வயதுக்குள் என்றால் சமையலறை. பத்துக்கு மேற்பட்டு, தானே படித்துத் தானே செய்யும் பிள்ளை என்றால் பெட்டியையும் யோசிக்கலாம். பயணம் இரண்டுக்கும் பிறகு. விதிவிலக்குகள் நிறைய உண்டு என்பதால் கீழே விரிவாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

மாற்றிப் பார்க்க இடம் உண்டா? ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு அளவை மாற்றி மறுபடி செய்ய முடியவேண்டும். "வினிகருக்குப் பதில் எலுமிச்சை போட்டால்?" என்று பிள்ளை கேட்டதும் ஐந்து நிமிடத்தில் செய்து காட்ட முடிகிறதா என்பதே எங்களுக்கு முதல் அளவுகோல். இதில் தோற்கும் எதுவும் வேடிக்கைதான், சோதனை அல்ல.

கை படுகிறதா? அளப்பது, கலப்பது, கழுவுவது எல்லாம் பிள்ளையின் வேலையாக இருக்கவேண்டும்.

என்ன ஆபத்து? கண், வாய், நெருப்பு மூன்றையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. விலைச்சீட்டில் வராதவை: உங்கள் நேரம், "தனியாக வாங்கிக்கொள்ளவும்" என்று சிறிய எழுத்தில் இருப்பவை, பெட்ரோல், கறை.

நம் ஊர்க் காற்று. வெளிநாட்டுப் புத்தகங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கியூர்பிப்பில் தோற்கும் சோதனை போர்ட் லூயிஸில் ஜெயிக்கும். காரணம் கீழே வருகிறது.

## 1. சமையலறையும் பூஜை அலமாரியும்

மாற்றிப் பார்ப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு: மஞ்சள், புளி, சுண்ணாம்பு, படிகாரம் என்று வரும்போது பாட்டி வாயைத் திறப்பார், பள்ளியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கும் பிள்ளைக்கு அறிவியல் தமிழில் நடப்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 30 மி.லி. மருந்துக்கடை ஆல்கஹாலில் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, காபி வடிதாளில் வடியுங்கள். வெள்ளை வடிதாள் துண்டுகளை அதில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வெறும் தண்ணீரில் மஞ்சளின் நிறப்பொருள் சரியாகக் கரையாது, தாள் வெளிறிப்போகும். ஆல்கஹால் கையில் இருக்கும்போது அடுப்பு எரியக்கூடாது.

சோப்புக் கட்டியை நனைத்துத் தாளில் தேய்த்தால் செந்நிறமாகும். துணி துவைக்கும் தூளில் இன்னும் அடர்த்தியாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். பெற்றோர் திணறும் இடங்கள் இரண்டு. ஒன்று, சமையல் சோடா. காரம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், தாளோ சரியாகச் சிவக்காது. மஞ்சள் நிறம் மாறுவதே பிஎச் என்ற அமில–கார அளவில் 8 வாக்கில்தான், சோடாக் கரைசலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. இரண்டு, பாத்திரம் கழுவும் திரவம். பெரும்பாலானவை கைக்கு இதமாக நடுநிலையை ஒட்டித் தயாரிக்கப்படுவதால் தாளில் ஒன்றும் தெரியாது. "நுரைப்பதெல்லாம் காரமில்லையா?" என்று பிள்ளை கேட்டால் அந்தச் சோதனை வேலை செய்துவிட்டது.

மஞ்சள் தாளுக்கு ஒரு குறை உண்டு. அமிலத்தையும் தண்ணீரையும் அது பிரித்துக் காட்டாது, இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அதற்குச் செம்பருத்தி. சிவப்புப் பூ ஐந்தின் இதழ்களை அரைக் கோப்பை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, எலுமிச்சையில் பளிச்சென்று சிவக்கும், சோப்பு நீரில் பச்சைக்குப் போகும். வேலியில் காகிதப்பூதான் இருக்கிறது என்று அதைப் பயன்படுத்தாதீர்கள். அதன் நிறப்பொருள் வேறு வகை, எலுமிச்சைக்கு அசையாது.

கூடவே குங்குமத்தையும் சோதிக்கலாம். வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை வைத்து ஒரு துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்ததென்றால் துளியின் ஓரம் மஞ்சளாகத் திரும்பும். வெறும் சாயம் சேர்த்ததென்றால் சிவப்பாகவே நிற்கும்.

உப்பும் சர்க்கரையும். சர்க்கரைத் தீவில் வளரும் பிள்ளைக்கு இதைக் காட்டாமல் விடக்கூடாது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் 50 மி.லி. தண்ணீர். ஒன்றில் மட்டமாக வழித்த தேக்கரண்டியால் உப்பு, மற்றதில் வெள்ளைச் சர்க்கரை. ஒவ்வொரு கரண்டியும் முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. உப்பு மூன்று கரண்டியோடு நின்றுவிடும், நான்காவது அடியில் தங்கும். சர்க்கரையோ இருபதைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் 100 மி.லி. நீரில் உப்பு சுமார் 36 கிராம் கரையும், சர்க்கரை சுமார் 200 கிராம். கடைசிக் கரண்டிகள் கரைய நேரமாகும், பொறுமை வேண்டும். அந்தப் பாகைக் கொட்டாமல் எலுமிச்சைச் சாற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெந்நீர். 60° செல்சியஸில் சர்க்கரை 290 கிராம் அளவுக்கு ஏறும். உப்பு 37 கிராமில் நிற்கும். சூடாக்கினால் எல்லாமே அதிகம் கரையும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது. வெந்நீரில் உப்பு சீக்கிரம் கரைகிறது, அவ்வளவே. குளிரவைத்து உப்புப் படிகம் வளர்க்க முயல்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். உப்புக்கு நீர் ஆவியாக வேண்டும். குளிரவைத்தே படிகம் வேண்டுமானால் படிகாரம் எடுங்கள். வெந்நீரில் பல மடங்கு கரைந்து, ஆறும்போது கண்ணாடிபோல் உருவெடுக்கும். தூள் உப்பு கரைந்த நீர் கலங்கித் தெரிந்தால் பதறவேண்டாம், கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது. கல் உப்பில் அந்தத் தொல்லை இல்லை.

காற்று விஷயம் இங்கேதான் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புக் கரைசல் உலராது. தட்டில் வைத்ததைவிட நீர் கூடவும் செய்யும். உயரமான, மழை மிகுந்த கியூர்பிப்பில் பல வாரங்கள் அப்படித்தான். அங்கே இருப்பவர்கள் தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சூடு படும் இடத்தில் வைக்கவேண்டும், அல்லது காற்று உலர்ந்த மேற்குக் கரையிலிருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கவேண்டும்.

புளியும் செம்பும். பணப்பையின் அடியில் கிடக்கும் செம்புநிற ஐந்து சத நாணயம் ஒன்றை எடுத்துக் காந்தத்தைக் காட்டுங்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது, இது ஒட்டும். உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு. கறுத்துப்போன நாணயங்களைத் தண்ணீர், புளிக்கரைசல், வினிகர், உப்புச் சேர்த்த வினிகர் என்று நான்கு கிண்ணங்களில் ஐந்து நிமிடம் போட்டால் எது வேகமாகத் துலக்குகிறது என்று பிள்ளையே வரிசைப்படுத்தும். கறுப்பு, செம்பின் ஆக்சைடு. அமிலம் அதைக் கரைக்கிறது. இரவு முழுதும் ஊறவிட்டால் பூச்சு போய் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும். குத்துவிளக்குக்கும் இதே எச்சரிக்கை: புளியைப் பூசி வெகுநேரம் விட்டால் பித்தளை இளஞ்சிவப்பாகும். துத்தநாகம் முந்திக் கரைந்து, மேற்பரப்பில் செம்பு மிஞ்சுவதே காரணம்.

மைஸேனா மாவு (சோள மாவு) விளையாட்டை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு நீர், கோதுமை மாவு வேலைக்காகாது, தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும்.

ஆபத்து. வீட்டுப் பொருள்தானே என்ற அலட்சியமே இதன் பெரிய ஆபத்து. ஜாவெல் (துணி வெளுக்கும் திரவம்) குப்பி இருக்கும் அலமாரியைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஜாவெலும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். எலுமிச்சையும் புளியும்கூட ஆகாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும், அதைப் பெரியவர்தான் கையாளவேண்டும். கற்பூரம் வேண்டாம். ஆவியாவதைக் காட்ட அழகான பொருள்தான், ஆனால் சிறு பிள்ளை ஒரு வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

மறைந்த செலவு. உங்கள் நேரம். ஆயத்தம், சோதனை, கழுவல் என்று ஒரு மணி நேரம் போகும். மஞ்சள் கறை போகாது. பலர் அளக்காமல் "கொஞ்சம் போடு" என்று செய்து, விளைவு வராமல் கைவிடுகிறார்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசும் அளவுக் குவளையும் இல்லையென்றால் முதலில் அவற்றை வாங்குங்கள்.

## 2. கடையில் வாங்கும் பெட்டி

பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. படிகம் வளர்க்கும் பெட்டி, சளிபோல் வழியும் பொம்மைப் பெட்டி, எரிமலைப் பெட்டி ஆகியவை ஒரு வகை. சோதனைக் குழாய்கள், பிப்பெட் என்ற சொட்டுக்குழாய், பாதுகாப்புக் கண்ணாடி, கையேடு எல்லாம் கொண்ட முழு வேதியியல் பெட்டி இன்னொரு வகை.

முதல் வகையை வாங்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. படிகப் பெட்டியில் வரும் வெள்ளைத்தூள் பல சமயம் மோனோ அமோனியம் பாஸ்பேட், அதாவது தோட்டத்துக்குப் போடும் உரம். சாயம் சேர்த்திருப்பார்கள். ஒருமுறை வளர்த்தால் பெட்டி காலி. எரிமலைப் பெட்டியும் அப்படியே: பொங்கும், பிள்ளை கைதட்டும், முடிந்தது.

அதே பொங்கலை வீட்டில் சோதனையாக்க ஒரு 500 மி.லி. குப்பியும் பலூன்களும் போதும். பலூனுக்குள் ஒரு மட்டத் தேக்கரண்டி, சுமார் 5 கிராம், சமையல் சோடா. குப்பிக்குள் 5% வினிகர் 20 மி.லி. பலூனைக் குப்பி வாயில் மாட்டிக் கவிழ்த்து, அது விரிந்த அகலத்தை நூலால் அளந்து குறிக்கவும். அடுத்த முறை 40, பிறகு 70, பிறகு 100 மி.லி. எழுபது வரை பலூன் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் நிற்கும், ஏனென்றால் சோடா தீர்ந்துவிட்டது. குப்பியில் 8% என்று எழுதியிருந்தால் 45 மி.லி.யிலேயே அந்த எல்லை வந்துவிடும். பழைய பலூன் வேண்டாம். இறுகியிருந்தால் அளவு பிசகும்.

முழு வேதியியல் பெட்டிக்கு நியாயம் உண்டு. அளவுகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை, கையேடு படிப்படியாகப் போகும், பாதுகாப்புக் கண்ணாடி உள்ளே இருக்கும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாலையில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்த்தால் போதும். சமையலறையில் கிடைக்காத செம்பு சல்பேட்டு, மின்பகுப்பு போன்றவை இதில்தான் வரும்.

மறைந்த செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரி, காய்ச்சி வடித்த நீர், வினிகர், முட்டை ஆகியவை பெட்டியில் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கட்டணத்தோடு 15% வாட் சேரலாம். தீர்ந்த மருந்துப் பொட்டலத்துக்கு மாற்று இங்கே கிடைப்பது அரிது. கையேடு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை சமாளிக்கும், மூன்றாம் வகுப்பு திணறும். சிட்ரிக் அமிலம், கால்சியம் குளோரைடு போன்ற தூள்கள் பிரித்த சில வாரங்களிலேயே ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். திறந்ததும் இறுக மூடும் டப்பாவில், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு போட்டுவையுங்கள்.

பிஎஸ்ஏசி என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் அறிவியல் மதிப்பீட்டுக்கு உதவும் என்று மட்டும் நினைத்துப் பெட்டி வாங்கவேண்டாம். அதற்குப் பாடநூலும் பழைய தாள்களும் மலிவு.

## 3. வெளியே அழைத்துப் போவது

பெல் வில்லேஜ் மையத்தில் பிள்ளை கைவைத்து இயக்கும் காட்சிப்பொருட்கள் உண்டு. விசை, ஒளி, ஒலி இவற்றுக்கு அது நல்ல இடம். பொருட்களின் தன்மைக்கு அதைவிடப் பொருத்தமானவை தீவிலேயே வேறு உண்டு. போ பிளானில், 1999இல் ஓய்ந்த பழைய ஆலையில் இயங்கும் சர்க்கரை அருங்காட்சியகம், கரும்புச் சாறு படிகமாகும் வரையுள்ள படிகளைப் பெரிய இயந்திரங்களோடு காட்டுகிறது. முடிவில் பலவகைச் சர்க்கரையை ருசி பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரைக்கும் மஸ்கவாடோ என்ற கரும்பழுப்புச் சர்க்கரைக்கும் உள்ள வேறுபாடு கரும்புப்பாகு என்பது நாக்கில் பட்டால்தான் நிற்கும். தமரின் உப்பளங்கள் மேற்குக் கரையில் அமைந்ததன் காரணத்தை, கியூர்பிப்பில் உலராத தட்டைப் பார்த்த பிள்ளை யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கும். தென்மேற்கிலுள்ள ஷமரேலின் வண்ண மண்ணில் தெரியும் சிவப்பு, எரிமலைப் பாறை சிதைந்து மிஞ்சிய இரும்பு ஆக்சைடு.

அங்கேயெல்லாம் எதையும் மாற்றிப் பார்க்க முடியாது என்பதே இதன் குறை. முதல் அளவுகோலில் தோற்கிறது. எனவே வீட்டில் செய்து, ஏதோ ஒரு கேள்வியில் முட்டி நின்ற பிறகு போனால் பயன் பன்மடங்கு. உப்பளத்துக்குப் போகுமுன் பார்வையாளர்களை விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷமரேல் மண்ணை எடுத்துவர முடியாது. உங்கள் வாசல் மண் போதும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் படியும், களிமண் நாள் கணக்கில் மிதக்கும். சிட்டிகைப் படிகாரம் சேர்த்த இன்னொரு ஜாடி சீக்கிரம் தெளியும். உலர்ந்த மண்ணில் காகிதத்தில் சுற்றிய காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். எரிமலைப் பாறையிலிருந்த காந்தக்கல் அது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சமையலறை | பெட்டி | பயணம் |
|---|---|---|---|
| மாற்றிப் பார்த்தல் | எத்தனை முறையும் | பொட்டலம் தீரும்வரை | இல்லை |
| பிள்ளையின் கை | முழுதும் | பெரும்பாலும் | குறைவு |
| முக்கிய ஆபத்து | ஜாவெல், சுண்ணாம்பு, அடுப்பு | சிறு காந்தம், பொத்தான் பேட்டரி, ரசாயனம் | வெயில், கூட்டம் |
| மறைந்த செலவு | பெற்றோர் நேரம், கறை | விடுபட்ட பொருட்கள், வாட் | பெட்ரோல், ஒரு முழுநாள் |
| ஈரக்காற்று | உலர்த்தும் சோதனைகள் கெடும் | தூள்கள் கட்டியாகும் | பாதிப்பில்லை |
| ஏற்ற வயது | 4 முதல் | 10 முதல் | 7 முதல் |

காணொளிகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. செய்த சோதனை ஏன் தோற்றது என்று தேட உதவும். செய்வதற்குப் பதிலாக ஆகாது.

## யாருக்கு எது

நான்கைந்து வயதுக்கு மூழ்குமா மிதக்குமா, ஒட்டுமா ஒட்டாதா, நனையுமா நனையாதா போதும். சூறாவளி எச்சரிக்கையால் வீட்டில் அடைந்த நாளில், அடுப்பும் மின்சாரமும் வேண்டாத நாணய–காந்தச் சோதனை கைகொடுக்கும். வெவ்வேறு வயதில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தாலும் சமையலறையே. மூத்தது அளக்கும், இளையது நிறம் பார்க்கும். ஒரே பெட்டியை மூவர் பங்கிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பிள்ளை தனியே உழைக்க விரும்புகிறது, கையேட்டை வரிவரியாகப் படிக்கிறது, உங்களுக்கோ நேரமில்லை என்றால் முழு வேதியியல் பெட்டி தகும். பிறந்தநாள் பரிசுக்கு ஒன்று வேண்டுமென்பவர்கள் பெட்டியின் விலையில் உருப்பெருக்கி, வெப்பமானி, அளவுக் குவளை, இரண்டு பிப்பெட், ஒரு நல்ல காந்தம், பாதுகாப்புக் கண்ணாடி என்று தனித்தனியாக வாங்கிக் கூடையில் வைத்துக் கொடுக்கலாம். பெட்டி தீர்ந்துபோகும், இவை தீராது.

பெட்டியேதான் என்றால் கடையில் நின்றபடியே நான்கைப் பாருங்கள். வேதியியல் பெட்டி என்றால் இஎன் 71-4 என்ற பாதுகாப்புத் தரக்குறி அச்சிட்டிருக்கிறதா? வயதெல்லை உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிறதா? "நூறு சோதனைகள்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, பெட்டியின் பின்புறத்தில் தனியாக வாங்கவேண்டியவை என்ன என்ற பட்டியலைப் படியுங்கள். கடைசியாக, ஓரங்கள் ஊதிப்போயோ ஈரம் பட்ட தடத்தோடோ இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். அலமாரியிலேயே ஒரு மழைக்காலம் கழித்திருந்தால் உள்ளே தூளெல்லாம் கல்லாகியிருக்கும்.